ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்

உனக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். இங்கே சாரல் தொடங்கிவிட்டது. மலைப்பக்கம் முழுக்க வெள்ளையாக மூடிக் கிடக்கிறது. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. அதனால் உன் அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, செண்பகத்தின் சேலைகள் இரண்டைக் காயப்போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய சேலைகள் அவை. மயக்க மருந்து கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தால் கரு தங்கும் என்று அங்கே ஒரு லேடி டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் என்ன சொல்லப்பட்டதோ அதற்கு வைத்தியம் செய்கிறார்.

உனக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தை இல்லை என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். ஏன் இல்லை என்பது உனக்கும் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த வைத்தியமும் பலிக்காவிட்டால் உனக்கு வேறு பெண் பார்ப்பது என்று கீழப்பாவூர்ச் சின்னத் தாத்தா வாய்விட்டே சொல்லிவிட்டார். செண்பகம் அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். உன் பெயர் வெளியே வரக்கூடாது என்பதற்காக அவள் எதற்கும் தலையை ஆட்டுவாள் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு நீ ஒரு வரி எழுத வேண்டும். குறை அவளிடம் இல்லை என்று ஒரே ஒரு வரி. ஏன் கேட்கிறேன் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எதையும் முதலிலிருந்துதான் சொல்லத் தெரியும்.

செண்பகம் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு நடை வரவில்லை. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் அவளைப் பெற்றவள் போய்விட்டாள். உன் மாமன் புனலூர்ப் பக்கம் மரக்கடை வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டான். உன் அம்மா போய்த் தம்பி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கினாள். உனக்கு அப்போதுதான் பேச்சு திருந்தியிருந்தது. ஸ்டேஷனிலேயே உன் அம்மா உன்னிடம் காட்டி, "எய்யா, இந்தா ஒனக்குப் பொண்டாட்டி கொண்டாந்திருக்கேன்" என்றாள். நீ அந்தக் குழந்தையின் கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பிடுங்கித் தின்றுவிட்டாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அதன்பின் இரண்டு பேருக்கும் ஒரே தட்டு. பருப்புச் சோற்றைப் பிசைந்து உருட்டி உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று உன் அம்மா ஊட்டுவாள். ஒரே பாய். ஒரே வாளித் தண்ணீரில் குளியல். உனக்கு அம்மை போட்டபோது அவளுக்கும் போட்டது. அவளுக்குப் பேச்சு வந்தபோது, தெருப் பிள்ளைகள் உன்னைக் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் உன்னை "அண்ணே" என்றாள். உன் அம்மா அவள் வாயில் ஒரு அடி வைத்தாள். "அண்ணேங்காத. அத்தான்னு சொல்லு." அவள் அழுதுகொண்டே "அத்தான்" என்றாள். கொஞ்ச நேரத்தில் பம்பரத்தை நீ பிடுங்கியதும் மறுபடி "அண்ணே" என்று கத்தினாள். அது மாற வெகுநாள் ஆயிற்று. நாக்கு மாறியது. மற்றது மாறியதா என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பக்கத்தில் வைத்து வளர்த்தால் பிரியம் தானாக வளரும், கல்யாணத்துக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் எது என்று நினைத்தோம். பிரியம் வளர்ந்தது உண்மைதான். என்ன பிரியம் என்று கேட்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

நான் விலங்கியல் படித்தவன். கேட்கத் தெரிந்திருக்க வேண்டியவன். கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் நான் ஐந்தருவிக்குப் போய்க் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அங்கே பழக்கடை போட்டிருந்த அண்ணாச்சி ஒருநாள், "சார்வாள், குரங்கப் பாத்து என்னத்த அப்படி எழுதுதிய? நம்ம வீட்டுக்கு வாங்க, ஏழு கெடக்கு, சும்மாவே காட்டுதேன்" என்றார். அந்தக் கூட்டத்தில் காது கிழிந்த குட்டி ஒன்று இருந்தது. அது தாய் வயிற்றில் தொங்கிய நாளிலிருந்து எனக்குப் பழக்கம். வளர்ந்து, தோள் அகன்று, குரல் மாறி, உடம்பில் ஆண் ஹார்மோன் ஏறிய வருஷம் அது தன் கூட்டத்தைவிட்டுத் தள்ளித் தள்ளி உட்கார ஆரம்பித்தது. கூட வளர்ந்த பெண் குரங்குகள் பக்கத்தில் வந்தால் பேன் பார்க்கும், பின் எழுந்துபோய்விடும். ஒருநாள் ஓடையைத் தாண்டி வேறு கூட்டத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. அடித்துத் துரத்திவிட்டார்கள் என்றார் கடைக்காரர். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் துரத்தவில்லை.

எழுபதுகளின் நடுவில், வெளிநாட்டில் ஆராய்ச்சிக்குப் போன என் சிநேகிதர் சில கட்டுரைகளைப் பிரதி எடுத்து அனுப்பினார். பரிணாமத்தின் கண்ணால் மனித மனதைப் பார்க்கும் கட்டுரைகள். ஒரு தேசத்தில், பொதுவிடுதியில் ஒன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களானபின் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வது அபூர்வம் என்று கண்டிருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, அவர்களுக்கே தோன்றவில்லை. இன்னொரு தீவில், மருமகளாக வரப்போகிறவளைக் கைக்குழந்தையிலேயே எடுத்து வந்து மாப்பிள்ளையோடு சேர்த்து வளர்க்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கல்யாணங்களில் பிள்ளைகள் குறைவு, பிரிவுகள் அதிகம் என்று எழுதியிருந்தது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அதைப் படித்தேன். வீட்டில் நீங்கள் இருவரும் சைக்கிளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அதில் சொல்லியிருந்த காரணம் எளிமையானது. யார் உடன்பிறந்தவர் என்று உடம்புக்கு நேராகத் தெரியாது. உடம்புக்கு ஜாதகம் படிக்கத் தெரியாது, முறை தெரியாது, மாமன் மகள், அத்தை மகன் தெரியாது. சிறுவயதில் யாரோடு உருண்டு புரண்டு வளர்ந்ததோ அவரை உடன்பிறந்தவர் என்று எடுத்துக்கொள்கிறது. வயது வந்து ஹார்மோன்கள் ஊறும்போது, அந்த முகத்தின் பக்கம் அவை திரும்புவதில்லை. நம் சொந்தத்தில் எத்தனையோ பேர் முறைப்பெண்ணைக் கட்டி நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் வேறு வேறு ஊரில் வளர்ந்து, கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் பார்த்துக்கொண்டவர்கள். ஆகவே முறையில் தப்பில்லை. ஒரே கூரையில்தான் தப்பு வந்தது. இப்படி நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். உடனே மறுத்தும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தீவில் அந்தப் பெண்களை வேலைக்காரிகளைப்போல நடத்தியிருக்கலாம், பிரிவுகளுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். குரங்கு வேறு, மனிதன் வேறு. எங்கோ இருக்கிறவர்களை வைத்துத் தென்காசியில் ஒரு கல்யாணத்தைத் தீர்மானிக்க முடியுமா? இன்னும் சான்று வேண்டும் என்று நினைத்தேன். இன்னும் சான்று வேண்டும் என்பது என்னைப் போன்ற பயந்தவர்களுக்கு மிக வசதியான வாக்கியம். இன்றுகூட அந்தக் கட்டுரைகள் முழுக்கச் சரியா என்று எனக்கு உறுதியில்லை.

ஆனால் எனக்குச் சான்று வேறு இடத்திலிருந்தும் வந்திருந்தது. செண்பகம் பெரியவளானபோது நடந்த சடங்கில் பெண்கள் உன்னைப் பிடித்து இழுத்துவந்து, "மாப்ளே, பொண்ணப் பாருலே, அடையாளம் தெரியுதா?" என்று கேலி செய்தார்கள். பையன்கள் அந்த வயதில் முகம் சிவந்து ஓடுவார்கள். நீ ஓடவில்லை. நிதானமாக அவளைப் பார்த்து, "இவளா? இவ மூக்கத் தொடச்சுவிட்டதே நாந்தான்" என்றாய். அவளும் பட்டுப்பாவாடையோடு அங்கேயே உனக்கு நாக்கைத் துருத்தினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்பத்திரண்டில் கல்யாணப் பேச்சு நடந்தது. உன் அம்மாவின் நியாயத்தை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். "தாயில்லாப் பிள்ளை. வேற எவ வீட்டுக்காவது அனுப்பி அவளுக சோறு போடுதாளுகளா, சூடு போடுதாளுகளான்னு நான் விடிய விடிய முழிச்சிட்டுக் கெடக்கவா? இங்கனயே இருக்கட்டும்" என்றாள். அது பிடிவாதமில்லை, பயம். அவள் உயிரோடு கட்டிக் காப்பாற்றிய பிள்ளை அது. நான் என்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தேன். மூன்று பாயிண்ட் தயாராக வைத்திருந்தேன், வகுப்புக்குப் போகிறவனைப்போல. சின்னத் தாத்தா எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பி, "சார்வாள் என்ன சொல்லுதிய?" என்றார். கூடம் நிறைய ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். "நல்ல நாள் பாத்துருங்க" என்றேன். நீ மறுக்கவில்லையே என்று பிறகு பலதடவை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா முகத்தைப் பார்த்து உன்னால் எப்படி மறுக்க முடியும்? எனக்கே முடியவில்லை.

வைகாசியில் கல்யாணம். ஆனியில் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கத்திலிருந்து அவள் உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டு வந்தாள். நீ தோளிலிருந்த துண்டை எடுத்து அவள் தலையைப் பிடித்துப் பரபரவென்று துவட்டினாய். "நல்லாத் தொவட்டுட்டி. சளி பிடிச்சா ராத்திரி பூரா இருமி என்னத் தூங்க விடமாட்டே" என்றாய். அவள் "மூக்குல தண்ணி போயிட்டு" என்று சிணுங்கினாள். நம் கூட வந்த பெண்களுக்குப் பெரிய சந்தோஷம். "பாத்தியளா, இப்பமே ராத்திரித் தூக்கத்தப் பத்திப் பேசுதான் கள்ளன்!" என்று இடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதே பாறையில், அதே துண்டை வைத்து, அதே வார்த்தையைச் சொல்லி, அரைக்கால் சட்டையோடு நீ அவள் தலையைத் துவட்டியதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் மாறவில்லை. அவர்கள் எதைப் பார்த்து நிம்மதியடைந்தார்களோ அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

பின்பு நீ டெல்லிக்கு எழுதிப்போட்டு வேலை வாங்கிக்கொண்டாய். குளிரில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது, வீடு கிடைக்கவில்லை என்றாய். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வந்தாய். வந்தாலும் படுக்கை மொட்டை மாடியில். காது கிழிந்த அந்தக் குரங்கு ஓடையைத் தாண்டிப் போனதை உன் அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வேன்?

போன பொங்கலுக்கு வந்து திரும்பும்போது கொல்லம் மெயிலுக்கு நாம் இருவர் மட்டும் காத்திருந்தோம். பனி விழுந்துகொண்டிருந்தது. நீ தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாய். "அப்பா, நானும் அவளும் அப்படி இல்லப்பா. ஒருநாளும் இல்ல. பக்கத்துல வந்தா ஒடம்பு கூசுது. அவளுக்கும் அப்படித்தான். ஒருநா ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம்." நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "டிக்கெட்டப் பத்திரமா வச்சிருக்கியா?" என்று கேட்டேன். நீ சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினாய். வண்டி வந்துவிட்டது. உனக்குச் சொல்வதற்கு என்னிடம் பத்து வருஷமாக ஒரு பதில் இருந்தது. உன்னிடம் கோளாறு இல்லை, அவளிடமும் இல்லை, உங்கள் உடம்பு சொல்வதை நாங்கள் கேட்கவில்லை என்கிற பதில். அதைச் சொல்லியிருந்தால் அந்த ராத்திரிப் பயணத்தில் உனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்திருக்கும்.

மாசியில் மாத்திரைகள் ஆரம்பித்தன. கடைக்குப் போய் வாங்கி வந்தவன் நான். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தேன். அதில் இருந்த ஹார்மோன் பெயர்களெல்லாம் நான் வேலைக்காலம் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய பெயர்கள். சுரப்பியின் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, கேள்வி கேட்டு மார்க் கொடுத்த பெயர்கள். அவை செண்பகத்துக்குக் குமட்டலாகவும் தலைவலியாகவும் கால் வீக்கமாகவும் வந்தன. காலையில் பின்கட்டில் அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்கும்போது உன் அம்மா ஆசையோடு எட்டிப் பார்ப்பாள். மாத்திரைதான் காரணம் என்று தெரிந்ததும் முகம் விழுந்துவிடும். குறையே இல்லாத உடம்புக்கு, குறையைத் தீர்ப்பதாகச் சொல்லி, நான் தினமும் மாத்திரையைப் பிரித்து அவள் கையில் கொடுத்தேன்.

இதுவரை காலையில் எழுதினேன். எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இன்று புதன்கிழமை. இந்தக் கடிதம் டெல்லிக்கு வந்து, நீ யோசித்து, அம்மாவுக்கு எழுதி, அது இங்கே வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். தந்தி கொடுக்கலாம் என்று நினைத்தேன். இதை என்ன வார்த்தையில் தந்தி அடிப்பது? போஸ்ட் ஆபீஸில் டிரங்க் கால் போட்டால் வரிசையில் நிற்கிறவர்கள் முன்னால் கத்திப் பேச வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபின், நான் உன்னிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் சொல்வதற்கு டெல்லியிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பேனாவை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.

"வெள்ளிக்கிழம போக வேண்டாம்" என்றேன்.

"ஏன், காருக்காரன் வரலங்கானா?" என்று உன் அம்மா சேலையைத் திருப்பிப் போட்டாள்.

"அவளுக்கு ஒரு கொறையும் கெடயாது. அவங்க ரெண்டு பேரும் சேந்து வாழல."

"அவன் டெல்லில கெடந்தா எப்படிச் சேந்து வாழுவாவ? அதுக்குத்தான் வீடு பாருலேன்னு தலையால அடிச்சுக்கிடுதேன்."

"அதச் சொல்லல. இங்கன இருந்தப்பமும் இல்ல. கல்யாணத்துல இருந்தே இல்ல."

அவள் கை நின்றது. "யாரு சொன்னா?"

"அவன்தான். பொங்கலுக்கு வந்தப்பம், ஸ்டேஷன்ல."

"பொங்கலுக்கு" என்றாள் மெதுவாக. "இப்பம் ஆனி. இத்தன நாளும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்திய?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள், தீவு, குரங்கு என்று எல்லாவற்றையும் வரிசை மாற்றிச் சொன்னேன். "எம்பிள்ளைகளக் கொரங்கோட சேக்குதியளோ?" என்றாள். பிறகு பின்கட்டைப் பார்த்து, "ஏட்டி செண்பகம், இங்கன வா" என்று கூப்பிட்டாள். அவள் ஆட்டுரலிலிருந்து எழுந்து மாவுக் கையோடு வந்து நின்றாள். "மாமா சொல்லுதது நெசமா? அவன் பொங்கல்லயே மாமாட்ட சொல்லிட்டானாம்லா, ஒங்களுக்குள்ள ஒண்ணும் இல்லன்னு. நெசமாட்டீ?"

செண்பகம் அத்தையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மாமாவுக்குப் பொங்கல்லயே தெரியுமா?" என்று கேட்டாள். நான் கயிற்றில் தொங்கிய சேலையைப் பார்த்தேன். அவள் திரும்பிப் போய் ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்தாள். மாவு ஆட்டும் சத்தம் மறுபடி கேட்டது.

உன் அம்மா அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பம் ஒரே தட்டுல பெசஞ்சு ஊட்டுனது தப்பா?" என்றாள். "ரெண்டு தட்டுக் கழுவச் சோம்பப்பட்டா ஊட்டுனேன்? தாயில்லாதது, அவனப் பாத்து இதுவும் ரெண்டு வாய் கூடத் திங்கும்னுதான ஊட்டுனேன்." தப்பில்லை என்றேன். அவள் கேட்டதற்கு என் படிப்பில் வேறு பதில் கிடையாது. அவள் ஊட்டியது சோறு. தப்பு, தெரிந்தும் பேசாமல் இருந்தவனுடையது.

உன்னிடம் நான் கேட்பது இப்போது வேறு. கடிதம் எழுதாதே, நேரில் வா. சின்னத் தாத்தாவையும் மற்றவர்களையும் நான் கூப்பிட்டு வைக்கிறேன். அவர்கள் முன்னால், குறை அவளிடம் இல்லை என்று உன் வாயால் சொல். இந்தக் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு அவளை விடுவிக்க வேண்டும். அவள் படிக்க வேண்டும் என்றாலும், வேறு கல்யாணம் வேண்டும் என்றாலும், ஒன்றும் வேண்டாம் என்றாலும் இந்த வீடு அவளுடைய வீடு. அதை உன் அம்மாவிடம் நானே பேசுகிறேன். பரிணாமம், ஹார்மோன் என்று எதையும் செண்பகத்திடம் விளக்காதே. நான் அறிந்தவரை அவை ஏன் என்பதற்குக் கொஞ்சம் பதில் சொல்லும். இனி என்ன என்பதற்கு ஒன்றும் சொல்லாது. உன்னை இயற்கை இப்படிச் செய்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு நீ டெல்லியிலேயே இருந்துவிடலாம் என்றும் நினைக்காதே. உன் உடம்பு கூசியதற்கு நீ பொறுப்பில்லை. அவள் தனியாக மாத்திரை விழுங்கியதற்கு நீயும் நானும் பொறுப்பு.

சாயங்காலம் வழக்கம்போல அவள்தான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். திரும்பிப் போகும்போது கூப்பிட்டேன். "தெரியும்மா. பொங்கல்லயே தெரியும்" என்றேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாத்திரைய, சாப்பாட்டுக்குப் பொறவு போடுன்னு நீங்கதான மாமா எடுத்துத் தருவிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சரிதானா என்று கேட்டுக்கொள்வதுபோலச் சொன்னாள். பிறகு காப்பி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சேலைகள் இன்னும் அடுப்புக்கு மேலேதான் தொங்குகின்றன. உன் அம்மா அவற்றை எடுத்து மடிக்கவும் இல்லை, அவிழ்த்துப் போடவும் இல்லை. நீ வா.

அப்பா